எண் பொருத்தம்

மனிதர்களுக்கு ஜாதகம் பார்ப்பதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த கல்யாணங்கள் பட்ட பாட்டை எழுதித்தான் என் நாவல்களில் பாதி உருவாயிற்று. ஆனால் மோட்டார் காருக்குப் பொருத்தம் பார்க்கிறார்கள் என்று யாராவது சொன்னால் இப்போது நான் சிரிக்க மாட்டேன். சென்ற கோடையில், மிச்சிகனில் என் பெண் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, அந்தச் சடங்கை முக்காலி போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன்.

அமெரிக்கர்கள் அதை 'மாட்சிங் நம்பர்ஸ்' என்கிறார்கள். எண் பொருத்தம் என்று நாம் சொல்லலாம். காரின் உடம்பில் ஓர் எண் இருக்கிறது. எஞ்சினில் ஓர் எண் இருக்கிறது. இரண்டும் ஒத்துப் போனால், இந்த எஞ்சின் இந்தக் காரோடு கூடப் பிறந்தது. ஒத்துப் போகாவிட்டால், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஓட்டுகிறவனுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பழைய கார்களைச் சேர்க்கிறவர்கள் ஓட்டுவதற்காகவா சேர்க்கிறார்கள்? முதல் வகைக்குப் பணத்தைக் கொட்டிக் கொடுப்பார்கள். இரண்டாவது வகையைக் கண்டால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பேரம் பேசுவார்கள்.

இந்தப் பைத்தியம் முற்றிய இடம் கார்வெட். செவர்லேக்காரர்கள் 1953-ல் அதை முதன்முதலில் செய்தார்கள். அந்த வருஷம் 300 கார்தான். இரும்புத் தகட்டுக்குப் பதில் கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து வார்த்த உடம்பு. இருவர் மட்டும் உட்காரலாம். சாமான் வைக்க இடம் கேட்கக் கூடாது. மாமியார் ஊருக்குப் போகிற வண்டியல்ல அது. ஆரம்பத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சின் போட்டார்கள். பெயருக்குத்தான் பந்தயக் கார், ஓட்டத்தில் சாது. 1955-ல் எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்த பிறகுதான் வண்டிக்கு ரோஷம் வந்தது.

அந்த எட்டு சிலிண்டர் எஞ்சின்தான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். 265 கன அங்குலத்தில் தொடங்கி, 283, 327, 350 என்று கொள்ளளவு ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் வெளித்தோற்றம் மாறவே இல்லை. ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்த சிலிண்டரின் நடுவுக்கு 4.4 அங்குலம் என்று முதலில் வைத்த கணக்கைக் கடைசி வரை வைத்துக்கொண்டார்கள். 327-க்கும் 350-க்கும் சிலிண்டர் வாய் ஒரே அளவு, சரியாக 4 அங்குலம். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் வேறு: ஒன்றில் 3.25 அங்குலம், மற்றதில் 3.48. கால் அங்குலம்கூட இல்லாத அந்த வித்தியாசத்தை வெளியே நின்று எந்தக் கண் கண்டுபிடிக்கும்? அண்ணன் சட்டை தம்பிக்குச் சேருகிற குடும்பம். லாரியில் இருந்ததைக் கழற்றிக் கார்வெட்டில் போடலாம், போட்டிருக்கிறார்கள், போட்டதை ஆரஞ்சு வர்ணம் பூசி மறைத்தும் இருக்கிறார்கள்.

ஆகவே எண்ணைத்தான் படிக்க வேண்டும். அதை எங்கே எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவந்தது நாலு வீடு தள்ளி இருந்த ஓர் அம்மாளின் தயவால்.

வயது எண்பதை எட்டிக்கொண்டிருந்தது. கணவர் போய் இரண்டு வருஷம். பெரிய வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். வீட்டை ஒட்டிய கொட்டகையில், போர்வை போர்த்தி, கணவர் வைத்துவிட்டுப் போன ஒரு கார்வெட். 1967-ஆம் வருஷத்துத் திறந்த வண்டி. கல்யாணத்துக்கு முன்பு அவர் புதிதாக வாங்கியது. 1973-ல் பெட்ரோல் பஞ்சம் வந்தது, குழந்தைகளும் வந்துவிட்டார்கள், 1974-க்குப் பிறகு வண்டி தெருவுக்கு வரவில்லை. "எஞ்சின் முதற்கொண்டு எல்லாம் வாங்கினபடியே இருக்கிறது என்று அவர் எல்லோரிடமும் சொல்லுவார்" என்றார் அந்த அம்மாள். தரகர் ஒருவர் வந்து பார்த்து, எண் பொருந்தினால் இவ்வளவு, பொருந்தாவிட்டால் இவ்வளவு என்று இரண்டு தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் அந்த அம்மாளின் நாலைந்து வருஷ மருந்துச் செலவு அடங்கும்.

என் மாப்பிள்ளை மோட்டார் தொழிலில் இருக்கிற எஞ்சினீயர். அவரைக் கேட்டால் தெரியும் என்று அந்த அம்மாள் வந்தார். மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தார். கிழவர் வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டார். கையில் ஒரு பெட்டி, நெற்றியில் ஒரு விளக்கு. நான் முக்காலியோடு பின்னால் போனேன்.

முதலில் வண்டியின் ஜாதகம். கையுறைப் பெட்டிக்குக் கீழே ஒரு சிறு தகடு ஆணி அறைந்து இருக்கிறது. 1, 94, 67, 7, எஸ், அதன்பின் ஆறு இலக்கம். 1 என்றால் செவர்லே, 94 கார்வெட், 67 திறந்த உடம்பு, 7 வருஷம், எஸ் என்பது செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை. கடைசி ஆறு இலக்கம் அந்த வருஷத்தில் இது எத்தனையாவது வண்டி என்று சொல்கிறது. அந்த வருஷம் மொத்தம் 22,940 கார்வெட் செய்தார்களாம். கிழவர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

அடுத்தது எஞ்சினின் ஜாதகம். அது மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. எஞ்சினின் பின்புறம், கியர் பெட்டி சேரும் விளிம்பில், டிரைவர் பக்கமாக ஏழு இலக்க எண் ஒன்று புடைத்து நிற்கும். அது வார்ப்பட எண்; எந்த அச்சில் வார்த்தது என்று சொல்லும். அதே விளிம்பில் மறுபக்கம் வார்த்த தேதி: மாதத்துக்கு ஓர் எழுத்து, ஏ ஜனவரி, எல் டிசம்பர், பிறகு நாள், பிறகு வருஷத்தின் கடைசி இலக்கம். இவை இரண்டும் இரும்பு உருகி வார்க்கும்போதே உண்டானவை, அழிப்பது கஷ்டம். மூன்றாவது இடம் எஞ்சினின் முன்புறம், டிரைவருக்கு மறுபக்கம், சிலிண்டர் மூடிக்கு முன்னால் தெரிகிற ஒரு சின்ன மேடை. நம்முடைய இரண்டு விரல் அகலம். எஞ்சினைப் பூட்டிய இடம், தேதி, எந்த வகை என்று அங்கே உளியால் அடித்திருப்பார்கள். பக்கத்தில் காரின் எண்ணையும் அடித்திருப்பார்கள். சண்டை சச்சரவு, கள்ளத்தனம் எல்லாம் இந்த இரண்டு விரல் இடத்தில்தான்.

கிழவர் அந்த மேடையைத் துடைத்த பக்குவத்தைச் சொல்ல வேண்டும். கம்பித் தூரிகையை எடுத்த என் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். வர்ணத்தைக் கரைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து, குழந்தைக்குக் கண் துடைக்கிற மாதிரி துடைத்தார். காரணம் பிறகு தெரிந்தது. தொழிற்சாலையில் அந்தத் தளத்தை ஒரே இழுப்பில் சீவும்போது மெல்லிய இணைகோடுகள் விழும். மயிரிழை போன்ற அந்தக் கோடுகள் எண்களுக்கு அடியில் இருந்தால், எண் தொழிற்சாலையில் அடித்தது. கோடுகள் இல்லாமல் தளம் வழுவழுவென்று இருந்தால், யாரோ அரைத்துத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். கம்பித் தூரிகை அந்தச் சாட்சியைக் கொன்றுவிடும்.

பிறகு அவர் மெல்லிய காகிதத்தை மேடைமேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவாட்டில் தேய்த்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சரித்திர நாவல் ஒன்றுக்காகக் கோயில் கோயிலாக அலைந்த காலத்தில், கல்வெட்டுக்காரர்கள் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி மை தடவிப் படி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதே மௌனம், அதே பெருமூச்சு. எழுத்து ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஏறி வந்தது.

இருக்க வேண்டியது என்ன என்று எங்களுக்கு முன்னமே தெரியும். அந்த அம்மாளின் மேஜை அறையில் கம்பெனி கொடுத்த உத்தரவாதப் புத்தகம் இருந்தது. அதில் ஓர் அலுமினியத் தகடு. வண்டி எண், எஞ்சின் எண் எல்லாம் அதில் புடைப்பாக இருந்தன. வி, 0412, எச்.இ. வி என்றால் பிளின்ட் தொழிற்சாலை, நாங்கள் இருந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணம். ஏப்ரல் 12-ம் தேதி. எச்.இ. என்பது 300 குதிரை சக்தியுள்ள 327 எஞ்சின், கையால் கியர் மாற்றும் வண்டிக்கானது. தகட்டின் ஓரத்தில் கணவரின் பெயரைப் பொறித்த ஒரு மெல்லிய உலோகப் பட்டை ஒட்டியிருந்தது.

காகிதத்தில் ஏறியது இது எதுவுமல்ல. சி.இ. என்று இரண்டு எழுத்து; பூஜ்யம்; பிறகு ஏதோ ஒரு வரிசை எண். காரின் எண் அந்த மேடையில் எங்கேயும் இல்லை. அடியில் கோடுகள் மட்டும் தெளிவாக, அழகாக இருந்தன.

"மாற்று எஞ்சின்" என்றார் கிழவர். அன்றைக்கு அவர் பேசிய முதல் முழு வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

விவரத்தை மாப்பிள்ளை எனக்குச் சொன்னார். உத்தரவாதக் காலத்தில் எஞ்சின் கெட்டால் பதிலுக்குக் கொடுப்பதற்கும், வேண்டுமென்று கேட்கிறவர்களுக்குக் கடையில் விற்பதற்கும் கம்பெனி தனியாக எஞ்சின் செய்து அனுப்பும். அது எந்தக் காருக்குப் போகும் என்று செய்கிறபோது தெரியாதே! ஆகவே கார் எண் அடிக்காமல் சி.இ. முத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். அதற்கு அடுத்த இலக்கம் வருஷத்தின் கடைசி எண். "கள்ள எஞ்சின் இல்லை மாமா, கம்பெனி எஞ்சின்தான். ஆனால் கூடப் பிறந்தது இல்லை" என்றார். பெரியோர் பார்த்துச் செய்துவைத்த இரண்டாம் தாரம் என்று நான் வைத்துக்கொண்டேன்.

பூஜ்யம் என்றால் 1970-ஆ, 1980-ஆ? இங்கேதான் எனக்கு இந்த வித்தை மிகவும் பிடித்துப் போயிற்று. நம்முடைய பிரபவ விபவ வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வந்து சரித்திரக்காரர்களைத் திணற அடிக்கும். இவர்களுக்குப் பத்துக்கு ஒருமுறை. கிழவர் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு பின்புற விளிம்பைப் படித்தார். வார்ப்பட எண் 3970010. தேதி ஜே 21 9. அக்டோபர் 21, ஒன்பதில் முடியும் வருஷம். அந்த 010 அச்சோ 1969-லும் உண்டு, 1979-லும் உண்டு. வார்ப்பு ஒரு வருஷம், முத்திரை அடுத்த வருஷம் என்பது மட்டும் ஒழுங்காகப் பொருந்தியது. கல்வெட்டில் அரசன் பெயர் உடைந்து போய் ஆட்சியாண்டு மட்டும் மிஞ்சினால் என்ன செய்வார்கள்? வெளிச் சாட்சியைத் தேடுவார்கள். அது கையுறைப் பெட்டியிலேயே இருந்தது: 1974-ல் முடிந்துபோன பதிவுச் சீட்டு. வண்டி அதற்குப் பிறகு கொட்டகையை விட்டு நகரவில்லை. அப்படியானால் 1970.

மறுநாள் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி வளைதண்டின் எண்ணையும் பார்த்தார்கள். கடைசி மூன்று இலக்கம் 442. அது 350-க்கான தண்டு. ஆக, மாற்றி வைத்தது 327 கூட இல்லை. ஒரு படி பெரியது. சிலிண்டர் மூடிகளும் மேலே இருந்த சாமான்களும் பழைய வண்டியினுடையவை. மூடிகளின் ஓரத்தில் ஒட்டகத் திமில் மாதிரி இரட்டை மேடு இருக்கும், அதுதான் அடையாளமாம். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாதபடி அடி மட்டும் மாறியிருந்தது.

இதை அந்த அம்மாளிடம் யார் சொல்வது? மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நாவலாசிரியன் என்றால் சங்கடமான செய்திகளைச் சொல்லத் தெரியும் என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம். நான் கையைக் காட்டிவிட்டேன். மாப்பிள்ளைதான் சொன்னார்: "1970 ஆரம்பத்தில் இந்த எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள், அம்மா."

அந்த அம்மாள் உடனே மறுத்தார். "இருக்காது. அப்போது அவர் ஊரிலேயே இல்லை. 1969 ஏப்ரலில் வியட்நாமுக்குப் போனார், மறு ஏப்ரலில்தான் வந்தார். அந்த வருஷம் வண்டியை ஓட்டினது நான்..."

அங்கேயே நிறுத்திவிட்டார். காப்பிக் கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மாமனார் மாமியாரோடு இருந்தார், ஆஸ்பத்திரியில் வேலை. வண்டியில் குளிர்ந்த நீர் குறைந்துகொண்டே வந்தது. எங்கோ ரப்பர்க் குழாயில் கசிவு. குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவந்தார். மிச்சிகன் குளிரில் உறையாமல் இருக்க ஒரு திரவத்தைக் கலக்க வேண்டும் என்பதும், தண்ணீரை ஊற்ற ஊற்ற அது நீர்த்துப்போகும் என்பதும் அவர் மனத்தில் படவில்லை. ஜனவரியில் ஓர் இரவு. காலையில் வண்டி கிளம்பவில்லை. மாமனார் வந்து குனிந்து பார்த்தார். தண்ணீர் பனிக்கட்டியானால் பெருக்கும். இரும்பு அதற்கு இடம் கொடுக்காது, வெடிக்கும். அவர் பார்த்திருக்க வேண்டும். "ஒன்றுமில்லை, ஒரு குழாய் போயிருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம். வண்டி இரண்டு வாரம் பட்டறையில் இருந்தது. இவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.

"ஒரு குழாய்க்கு இரண்டு வாரமா என்று நான் கேட்கக்கூட இல்லை" என்றார்.

மாமனார் பிளின்டில் ஆலைத் தொழிலாளி. புது எஞ்சின் அவருக்குச் சின்ன விலையல்ல. யாரிடமும் சொல்லவில்லை. யுத்தத்தில் இருக்கும் மகனுக்கு எழுதவில்லை. மகன் வந்த பிறகும் சொல்லவில்லை. மருமகளிடம் சொல்லவே இல்லை. 1981-ல் அவர் காலமாகும்போது அந்த ரகசியமும் கூடவே போய்விட்டது. இல்லை, போகவில்லை, இரண்டு விரல் அகல இரும்பில் எழுதியிருந்தது.

இன்னொன்றும் அந்த அம்மாளுக்கு ஞாபகம் வந்தது. கணவர் திரும்பி வந்து முதல் நாள் வண்டியை ஓட்டிவிட்டு, "ஒரு வருஷம் விட்டுவிட்டுப் போனதில் இது முன்னைவிட நன்றாக இழுக்கிறதே!" என்று ஆச்சரியப்பட்டாராம். அதை வாழ்நாள் முழுவதும் எல்லோரிடமும் சொன்னாராம். 23 கன அங்குலம் கூடுதல் என்று மாப்பிள்ளை வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

தரகருக்குச் செய்தி போயிற்று. அன்று மாலையே அவர் தொலைபேசியில் பேசினார். இதற்கெல்லாம் வழி இருக்கிறது, எனக்குத் தெரிந்த ஆள் ஒருவன் இருக்கிறான் என்றார். 1967-ல் வார்த்த 327 எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். மேடையைச் சீவி, கோடு இழுத்து, தகட்டில் இருக்கிறபடியே வி 0412 எச்.இ. என்று அடித்து, பக்கத்தில் வண்டி எண்ணையும் அடித்துவிட்டால் பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். இது அங்கே புதிதல்ல. இதே 1967-ல் எல்-88 என்ற பந்தய எஞ்சினோடு இருபதே கார்வெட் செய்தார்கள்; அவற்றில் ஒன்று 2014-ல் 38,50,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அத்தனை பணம் புரளுகிற இடத்தில் உளி சும்மா இருக்குமா? கோடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து மெய் பொய் சொல்லுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றுவதற்கென்று வேறு ஆட்கள்.

விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கணவனும் சகோதரனும் காளி கோயிலில் தலையை வெட்டிக்கொள்கிறார்கள். உயிர்ப்பிக்க வரம் பெற்றவள் பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இப்போது எவன் கணவன்? தலை எதுவோ அதுவே ஆள் என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். கார்வெட் உலகத்தில் எஞ்சின்தான் தலை. விக்கிரமாதித்தன் அந்தக் கொட்டகைக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! எனக்கென்னவோ அந்த ராஜா தீர்ப்பில் எப்போதுமே கொஞ்சம் அவசரப்பட்டவர் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே கேட்டார்கள். தரகர் சொன்ன உபாயத்தை மாப்பிள்ளை ஒன்று விடாமல் அந்த அம்மாளிடம் சொன்னார். தன் அபிப்பிராயத்தைச் சேர்க்காமல் சொன்னதற்கு அவரை நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். அந்த அம்மாள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அப்போது இந்த எஞ்சினை என்ன செய்வார்கள்?"

"கழற்றி யாருக்காவது விற்றுவிடுவார்கள்."

"அது வேண்டாம்" என்றார்.

விளம்பரத்தை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார்கள். 1967 கார்வெட், திறந்த உடம்பு, ஒரே குடும்பம். எஞ்சின் 350, கம்பெனி மாற்று, 1970-ல் வைத்தது. சி.இ. முத்திரையின் பென்சில் படியையும் படம் எடுத்துச் சேர்த்தார்கள். ஒரு மாதம் யாரும் வரவில்லை. வந்தவர்களும் மேடையைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போனார்கள். கடைசியில் ஒஹையோவிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். ஓட்டுவதற்குத்தான் வாங்குகிறேன் என்றார். தரகர் சொன்ன இரண்டு தொகையில் சின்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தார். பெரிய தொகைக்கு அது எட்டாத தூரம்தான்.

வண்டியை இழுவை மேடையில் ஏற்றிக் கட்டிய பிறகு, உத்தரவாதப் புத்தகத்தையும் அலுமினியத் தகட்டையும் கேட்டார். அந்த அம்மாள் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன்னால், கணவர் பெயர் இருந்த பட்டையை நகத்தால் மெல்ல நெம்பிப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வாத்தியார் முகத்தில் ஒரு கணம் வலி தெரிந்தது, ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பட்டையும் சேர்ந்து இருந்தால்தான் தகட்டுக்கு முழு விலை என்று மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னார்.